ராட்சதர்கள் ஏன் இப்போது இல்லை? உங்கள் கற்பனை உலகுக்கு ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதை எழுத உட்காரும் பலரும் முதலில் வரைபடம் போட்டுவிடுகிறார்கள். மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கே ராட்சதர்கள் வாழ்ந்தார்கள், இப்போது இல்லை என்பதும் முடிவாகிவிடுகிறது. அப்புறம் ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுபோகிறது: ஏன் இல்லை? போரில் செத்தார்களா, வேறு உலகத்துக்குப் போய்விட்டார்களா, சாபமா, மனிதர்களோடு கலந்துவிட்டார்களா? எதை எடுத்தாலும் சரியாகத்தான் தோன்றும். ஒரு கிழவர் வாயால் இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம் என்றும் தோன்றும். அப்படிக் கடந்தால் 200ஆம் பக்கத்தில் கதை முட்டிக்கொண்டு நிற்கும். பழைய கோட்டைக்குள் நாயகன் நுழையும்போது அங்கே என்ன இருக்கும் என்று எழுதுபவருக்கே தெரியாது.

எந்த முடிவு பிரமாண்டமாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்று உயிரோடு இருக்கும் உங்கள் பாத்திரங்களின் தலையில் அந்த முடிவு என்ன கடனை ஏற்றிவிட்டுப் போகிறது என்று பாருங்கள். மேலைநாட்டுக் கதைகளின் எல்ஃப், ட்வார்ஃப், நம் நாகர், யட்சர் என்று உங்கள் பழைய இனம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். வசதிக்காக ராட்சதர்களை வைத்தே பேசுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, நிலத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது. எலும்பு, சுவர், ஆயுதம், பாதை, பழகிய விலங்கு, எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, பழி யார் மேல். யாரோ ஒருவருடைய பாட்டனார் செய்தது என்றால், பேரன் உங்கள் கதையில் என்ன முகத்தோடு நடமாடுகிறான்? மூன்றாவது, கடைசி ஆள் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்க முடியுமா. நான்காவது, இது நடந்து எத்தனை மனிதத் தலைமுறை ஆயிற்று. 3 தலைமுறை என்றால் நேரில் பார்த்தவரின் பேத்தி இருப்பாள். 30 தலைமுறை என்றால் பாட்டு மட்டும்தான் இருக்கும்.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் காலி செய்த இடத்தை யார் பிடித்தார்கள்? பெரிய உயிர் ஒன்று போனால் காடு மாறும், மேய்ச்சல் மாறும், அவர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தவை வெளியே வரும்.

## 1. போரில் அழிந்தார்கள்

எல்லோர் கையும் முதலில் இதன் மேல்தான் போகும். காட்சிக்கு நல்லது, பாட்டுக்கு நல்லது, அரச வம்சங்களுக்குப் பெருமை. ஆனால் மறைமுகச் செலவு அதிகம்.

சிறிய ஆள் பெரிய ஆளை எப்படி வென்றான் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். கிரேக்கப் புராணமே இந்தச் செலவைச் செய்திருக்கிறது. ராட்சதர்களோடு நடந்த போரில் தேவர்கள் மட்டும் நின்றால் வெற்றி கிடைக்காது, சாகப் பிறந்த மனிதன் ஒருவன் கூட நிற்க வேண்டும் என்று ஒரு வாக்கு இருந்தது. அதனால்தான் ஹெராக்ளிஸ் வரவழைக்கப்படுகிறான். உங்கள் கதையில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? எண்ணிக்கையா, இரும்பா, நோயா, உள்ளிருந்து ஒருவர் காட்டிக்கொடுத்ததா? விடை இல்லாமல் ‘வீரத்தால் வென்றார்கள்’ என்று எழுதினால் வாசகர் நம்ப மாட்டார்.

அடுத்தது பிணங்கள். ஆயிரம் ராட்சதர்கள் ஒரு சமவெளியில் விழுந்திருந்தால் அந்த நிலத்தில் யார் உழுவது? மனிதர்கள் எலும்பைச் சும்மா கிடக்க விடுவதில்லை. இன்றைய உக்ரைனில் மெஷிரிச் என்ற இடத்தில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் மாமூத் என்ற பழங்கால யானை இனத்தின் எலும்புகளை அடுக்கியே குடில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அடியில் மண்டையோடுகள், சுவருக்குத் தாடை எலும்புகள் என்று ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் போர்க்களத்துக்குப் பக்கத்து ஊரிலும் விலா எலும்பு உத்தரமாக இருக்கும், முதுகெலும்பு முக்காலியாக இருக்கும். அந்த வீட்டுக்குள் ஓர் இளம் ராட்சதன் குனிந்து நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த வழியை எடுக்கலாம்.

கடைசி ஆள் பற்றியும் யோசிக்க வேண்டும். போரில் மிஞ்சுகிறவர்களில் முக்கியமானவர் எதிர்ப்பக்கம் சேர்ந்தவர். இராமாயணத்தில் விபீஷணன் அப்படித்தான் மிஞ்சினான், முடியும் சூட்டிக்கொண்டான். அறத்தின் பக்கம் நின்றவனா, அண்ணனைக் கைவிட்டவனா என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. அப்படி ஒருவரை உங்கள் உலகில் 300 வயதோடு உட்கார வைத்தால் கதை தானாக நகரும்.

நிலம் யாருக்குச் சொந்தம், அரியணை யாருக்கு உரிமை என்பது உங்கள் கதையின் மையம் என்றால் போரைத் தேர்ந்தெடுங்கள். ஏக்கமும் தனிமையும்தான் மையம் என்றால் வேண்டாம். போர் கோபத்தைக் கொடுக்கும், ஏக்கத்தை அவ்வளவாகக் கொடுக்காது.

## 2. மெல்லத் தேய்ந்தார்கள்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு, காரணம் இதில் பெரிய காட்சி இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ராட்சதர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது.

மனிதனைப் போல மூன்று மடங்கு உயரம், அதாவது 5 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் என்று வையுங்கள். எடை மூன்று மடங்கு ஆகாது, 27 மடங்கு ஆகும்; கிட்டத்தட்ட 1,800 கிலோ. கால் எலும்பின் குறுக்குவெட்டு 9 மடங்குதான் கூடும். எனவே மனித உடலின் அதே அமைப்பில் நிற்பதே சிரமம். கால்கள் யானைக்கால் போலத் தடித்தாக வேண்டும். உணவு? உடல் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் ஆற்றல் குறையும். பாலூட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதப்படி 27 மடங்கு எடைக்குச் சுமார் 12 மடங்கு சாப்பாடு போதும். அப்படியும் நூறு பேர் உள்ள ஒரு ராட்சதர் குடியிருப்பு 1,200 பேர் வாழும் ஊரின் உணவைச் சாப்பிடும். மழை இரண்டு ஆண்டு பொய்த்தால் முதலில் யார் அடிவாங்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதைவிடக் கொடுமை பிறப்புக் கணக்கு. யானையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் பல ஆண்டுகள். பெரிய உடல், நீண்ட ஆயுள் என்றால் குழந்தைகள் குறைவு. உங்கள் ராட்சதப் பெண் 20 ஆண்டுக்கு ஒரு குழந்தை வீதம் வாழ்நாளில் 5 பெறுகிறாள், அதில் சராசரி 2.5 பெரியவர்களாகிறார்கள் என்று வையுங்கள். இனம் நிலைக்க 2 போதும், அதனால் மெல்லப் பெருகும். இப்போது மனிதர்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள். வேட்டையோ, மேய்ச்சல் குறைந்ததோ, ஏதோ ஒன்றில் ஒவ்வொரு தாய்க்கும் கூடுதலாக ஒரே ஒரு பிள்ளை போகிறது. 2.5 என்பது 1.5 ஆகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் முக்கால் பங்கு. 10 தலைமுறையில் 10,000 பேர் 560 பேராகிவிடுவார்கள். ராட்சதத் தலைமுறை 70 ஆண்டு என்றால் மொத்தம் 700 ஆண்டு. மனிதருக்கு அது 28 தலைமுறை.

இதில் போர் எங்கே? ஒன்றுகூட இல்லை. எந்த மனிதனும் தன் வாழ்நாளில் ராட்சதர்கள் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் காரணம், யாரும் குற்றவாளி இல்லை. எனக்குத் தெரிந்து கதைக்கு இதைவிடக் கனமான பழி வேறு கிடையாது.

இது வெறும் தாள் கணக்கும் இல்லை. நியூசிலாந்தில் மோவா என்ற மாபெரும் பறக்காத பறவைகள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டுவாக்கில் மனிதர்கள் அங்கே குடியேறிய பிறகு சுமார் இருநூறு ஆண்டுகளுக்குள் எல்லாம் போயின. மெல்ல வளர்ந்து, குறைவாக முட்டையிடும் பறவை அது. ஸ்டெல்லரின் கடற்பசு என்ற மாபெரும் கடல் பாலூட்டி 1741இல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது, 1768க்குள் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்த இனம் வட பசிபிக்கில் உள்ள கமாண்டர் தீவுகளின் கரையோரம் ஒதுங்கிய சிறு கூட்டமாகத்தான் இருந்தது. மெல்லத் தேய்வதும் கடைசி அடியும் தனித்தனி என்பதை இதில் பார்க்கலாம்.

மறைமுகச் செலவு: கதை நடக்கும் காலத்தை நீங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 560 பேர் இருக்கும் காலமா, 5 பேரா, ஒருவரா? ஒவ்வொன்றும் வேறு கதை. 560 என்றால் திருமணப் பேச்சு, கூட்டம், இரண்டு குடிகளுக்குள் பகை எல்லாம் இன்னும் உண்டு. 5 என்றால் யாருக்கும் யாரும் பொருந்தாத துயரம். இன்னொரு செலவு, வேகம். பரபரப்பான சாகசக் கதைக்கு இந்த முடிவு தனியாக உந்துதல் தராது.

## 3. புறப்பட்டுப் போய்விட்டார்கள்

டோல்கீன் கதையில் கப்பலேறி மேற்கே போகும் எல்ஃபுகளை மிகுபுனைவு வாசகர் எல்லோருக்கும் தெரியும். அதனால் கடல், கப்பல், மூடுபனி மூன்றையும் நீங்கள் தொடாமல் இருப்பது நல்லது.

வேறு வழிகள் இருக்கின்றன. அயர்லாந்துப் பழங்கதைகளில் துவாத்தா தே தனன் என்ற பழைய இனம் தோற்ற பிறகு நிலம் பங்கு போடப்படுகிறது: மேலே மனிதர்களுக்கு, கீழே அவர்களுக்கு. அவர்கள் மேட்டுக்கல்லறைகளுக்குள் போய்விடுகிறார்கள். நம் பக்கத்தில் மகாபலி பாதாளத்துக்கு அனுப்பப்படுகிறான், ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்க அனுமதி உண்டு. இந்த இரண்டிலும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தம் இருந்தால் அதை மீறலாம், மீறினால் கதை.

செலவு என்ன? போக ஓர் இடம் உண்டென்றால் மற்றவர்களும் ஏன் போகக் கூடாது என்ற கேள்வி வரும். உலகம் அழியும் நேரத்தில் அவர்கள் ஏன் திரும்பி வந்து உதவவில்லை என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். இந்த வழியில் எனக்குப் பிடித்தவர்கள் போகாமல் தங்கியவர்கள். ஆட்டுக்கூட்டத்தை விட மனமில்லாதவர், மனிதப் பெண்ணைக் கட்டியவர், போகும் நாளில் நோயாகக் கிடந்தவர். வாசல் மூடிய பிறகு அவர்களின் 400 ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும்? மர்மமும் பயணமும் உள்ள கதைக்கு இது சரி. இடிபாடுகளைத் தோண்டும் கதைக்குச் சரிவராது, ஏனென்றால் நிதானமாகக் கிளம்புகிறவர்கள் நல்ல பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

## 4. சாபம், ஊழி, கடல்கோள்

சட்டென்று முடிந்துவிடும் என்பதால் எழுதுபவருக்கு இது இலகுவான வழியாகத் தெரியும். உண்மையில் ஆறில் கடினமானது இதுதான். ஓர் இனத்தையே கடவுள் தண்டித்தார் என்றால் கைக்குழந்தைகள் என்ன தப்பு செய்தன என்று வாசகர் கேட்பார். அந்தக் கடவுள் இன்று உங்கள் நாயகனுக்கு நேரும் அநியாயத்தை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் கேட்பார்.

சாபத்தை நன்றாக எழுதுவது எப்படி என்பதற்கு மகாபாரதத்தின் மௌசல பர்வத்தைப் போல வேறு பாடம் இல்லை. யாதவ இளைஞர்கள் சாம்பனுக்குக் கர்ப்பிணி வேடம் போட்டு முனிவர்களிடம் விளையாடுகிறார்கள். குலத்தை அழிக்கும் இரும்பு உலக்கை பிறக்கும் என்று சாபம் விழுகிறது. உலக்கையைப் பொடியாக்கிக் கடலில் போடுகிறார்கள். அந்தப் பொடி கரையில் கோரையாக முளைக்கிறது. ஒரு நாள் குடிபோதையில் பழைய பகை கிளம்பி, கையில் அகப்பட்ட அந்தக் கோரையைப் பிடுங்கி ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சாகிறார்கள். குருக்ஷேத்திரப் போர் முடிந்து 36 ஆண்டு ஆகிறது அப்போது. இதில் சாபம் வானத்திலிருந்து நேரே வந்து கொல்லவில்லை. இளக்காரம், பயம், மறைத்தல், குடி, பழைய பகை என்று ஒவ்வொரு படியிலும் மனிதக் கை இருக்கிறது. உங்கள் சாபத்துக்கும் இப்படி ஒரு கோரை வேண்டும்.

கடல்கோள் என்றால் தப்பியவர்கள் எங்கே போனார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலில் போனதைச் சொல்லும் சிலப்பதிகாரம், பாண்டியன் வடக்கே கங்கையையும் இமயத்தையும் கொண்டான் என்று அங்கேயே சேர்த்துச் சொல்கிறது. நிலம் இழந்த பெரிய இனம் வேறு யாருடைய நிலத்துக்காவது போகும். வட ஐரோப்பிய நோர்ஸ் புராணத்தில், கொல்லப்பட்ட ஆதி ராட்சதன் ஈமிரின் இரத்த வெள்ளத்தில் உறைபனி ராட்சதர்கள் மூழ்க, பெர்கெல்மிர் என்பவன் மட்டும் குடும்பத்தோடு தப்பி மீண்டும் இனத்தைப் பெருக்குகிறான். அதாவது, ஊழி என்பது முழு முடிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நம்பிக்கை, பாவம், தலைமுறைக் கடன் பற்றிய கதைக்கு இதை எடுங்கள். தெய்வங்கள் தலையிடாத உலகம் என்றால் விட்டுவிடுங்கள்.

## 5. மனிதர்களோடு கலந்து கரைந்தார்கள்

இதற்கு நிஜ உலகிலேயே முன்மாதிரி உண்டு. நியாண்டர்தால் மனிதர்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு அவர்களுடையது. அதே சமயம், தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் அவர்களுடைய தடம் இன்றைய மனிதர் யாரிடமும் கிடைக்கவில்லை. ஏதோ ஒன்று கடத்தப்பட்டது, ஏதோ ஒன்று கடத்தப்படவே இல்லை. உங்கள் ராட்சதர்களிடமிருந்து எது வந்தது, எது வரவில்லை என்று இதே மாதிரி பிரித்து வையுங்கள். உயரம் வராமல் நீண்ட ஆயுள் மட்டும் வந்தால்? குரல் மட்டும் வந்தால்?

செலவு: உடல் அளவு. 5 மீட்டர் ஆளுக்கும் மனிதருக்கும் குழந்தை என்பதை வாசகர் ஏற்க மாட்டார், 2.5 மீட்டருக்கு இறக்கிவிடுங்கள். இன்னொன்று, ‘ராட்சத இரத்தம்’ உள்ளவரே உயர்ந்தவர் என்ற குலப்பெருமைக் கதையாக இது சரிந்துவிடும் ஆபத்து உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காத திருப்பம். அந்த இரத்தம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் யாரும் விசேஷம் இல்லை என்று வைத்தால் கதைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

## 6. உருவம் குறுகினார்கள்

நம் புராண மரபுக்குச் சொந்தமான வழி. ஆனாலும் யாரும் அதிகம் தொடுவதில்லை. ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே சற்று நேரம் காத்திருந்ததில் பூமியில் யுகங்கள் ஓடிவிட்டன. திரும்பி வந்தால் மனிதர்கள் எல்லாம் குட்டையாகியிருக்கிறார்கள். பலராமன் தன் கலப்பை நுனியால் அழுத்தி ரேவதியைத் தன் உயரத்துக்குக் கொண்டுவந்து மணக்கிறான். குகையில் தூங்கி எழுந்த முசுகுந்தனும் உலகம் சிறுத்துவிட்டதைப் பார்த்தே கலியுகம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறான். சமண மரபில் முதல் தீர்த்தங்கரர் ரிஷபரின் உயரம் 500 வில் (ஒரு வில் 4 முழம்), கடைசித் தீர்த்தங்கரர் மகாவீரரின் உயரம் 7 முழம்தான்.

இந்த வழியில் ராட்சதர்கள் எங்கும் போகவில்லை. இன்று இருப்பவர்களே அவர்களின் வாரிசுகள். பெரிய கதவுகளும் ஏற முடியாத படிகளும் தங்கள் முன்னோர் வீடு என்று தெரியாமல் வாழ்கிறார்கள். தீவுகளில் பெரிய விலங்குகள் குறுகுவது இயற்கையிலும் நடந்ததுதான். சிசிலியில் தோள் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டரே உள்ள யானைகள் இருந்தன. செலவு: பழி சொல்ல ஆள் இல்லை, போராட எதிரி இல்லை. சிறுகதைக்கு மிகப் பொருத்தம், தொடர் நாவலுக்குத் துணை வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நிலத்தில் மிச்சம் | பழி | கடைசி ஆள் | பொருந்தும் கதை |
|---|---|---|---|---|
| போர் | எலும்பு, ஆயுதம் | வென்றவர் வாரிசுகள் | பக்கம் மாறியவர் | அரசியல், நில உரிமை |
| தேய்வு | காலியான குடியிருப்புகள் | எல்லோரும் கொஞ்சம் | இயல்பாக இருப்பார் | துயரம், சூழல் |
| புறப்பாடு | வெறும் கூடங்கள் | ஒப்பந்தம் மீறியவர் | தங்கிவிட்டவர் | மர்மம், பயணம் |
| சாபம் | மூழ்கிய நகரம் | அவர்களே, அல்லது தெய்வம் | தப்பிய குடும்பம் | நம்பிக்கை, பாவம் |
| கலப்பு | உடலில், பேச்சில் | இல்லை | எல்லோரும் | அடையாளம், குடும்பம் |
| குறுகல் | பெரிய கதவுகள் | காலம் | தூங்கி எழுந்தவர் | சிறுகதை |

## உண்மை ஒன்று, ஊர் நம்புவது இன்னொன்று

ஒரு வழியை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடந்தது ஒன்றாகவும் மக்கள் நம்புவது வேறாகவும் இருக்கலாம். கிரேக்கத்தின் திரின்ஸ் கோட்டைச் சுவரைக் கட்டியவர்கள் ஒற்றைக்கண் ராட்சதர்களான சைக்ளோப்ஸ் என்றுதான் பிற்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். அதிலுள்ள மிகச் சிறிய கல்லைக்கூட ஒரு ஜோடிக் கோவேறு கழுதையால் அசைக்க முடியாது என்று 2ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த பௌசானியஸ் எழுதி வைத்தார். கட்டியவர்கள் உண்மையில் அவர்களுடைய சொந்த முன்னோரான மைசீனியர்கள். அதே போல ரோமானியர் விட்டுப்போன இடிபாடுகளைப் பார்த்த பழைய ஆங்கிலக் கவிஞர் ஒருவர், இது ராட்சதர்களின் வேலை என்று பாடியிருக்கிறார். சில நூற்றாண்டுகள் போதும், மனிதர்கள் தங்கள் ஆட்களையே மறந்துவிட.

எதை எடுப்பது என்று இன்னும் தயக்கமாக இருந்தால் நான் சொல்வது இது: உண்மையில் தேய்வு, ஊர் பாடும் பாட்டில் போர். மன்னர் குடும்பத்துக்குப் ‘பாட்டனார் வென்ற நிலம்’ என்ற பெருமை தேவைப்படுகிறது. உண்மையில் அவர்கள் வந்தபோது நிலம் பாதி காலி. இந்தக் கலவைக்கு நீங்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாட்டு பொய் என்று காட்டும் ஒரு சான்றை உலகுக்குள் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். போர்க்களம் என்று சொல்லப்படும் இடத்தைத் தோண்டினால் ஆயுதம் பட்ட எலும்பு ஒன்றுகூட இல்லாமல், ஒழுங்காகப் புதைக்கப்பட்ட முதியவர்கள் மட்டுமே கிடைக்கலாம். அல்லது ராட்சதர்களின் தானியக் கிடங்குச் சுவரில் ஆண்டுக்கு ஆண்டு குறையும் அளவுக் கோடுகள் இருக்கலாம். அதை யார் முதலில் பார்க்கிறார், பார்த்தவர் மன்னரிடம் சம்பளம் வாங்குபவரா என்பதை முடிவு செய்துகொண்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.